பேட்டரிக்குள்ளே ஒரு கஞ்சி



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் செல்போனுக்குப் பேட்டரி மாற்றினேன். காலையில் நூறு காட்டும், மதியம் சாப்பிட உட்காரும்போது இருபதுக்கு வந்துவிடும். கடையில் இருந்த தம்பி பழைய பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்த்து, "நாலு வருசம் ஆச்சுங்க சார், உள்ள இருக்கிறதெல்லாம் தளர்ந்திருக்கும்" என்றார். பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தத் "தளர்ந்திருக்கும்" என்ற சொல் என்னை விடவில்லை. அது 1996-இல் ஒரு பையன் கேட்ட கேள்வியை ஞாபகப்படுத்திவிட்டது.

அப்போது நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மின்கலம் பற்றிய பாடம். ஒருவன் டார்ச் லைட்டுக்குப் போடும் பழைய செல்லை வீட்டிலேயே உடைத்துக் கொண்டுவந்திருந்தான். கையெல்லாம் கருப்பு. நடுவில் கரிக்கோல், சுற்றிலும் கருப்புத்தூள், வெளியே துத்தநாகக் குவளை என்று நான் காட்டிக்கொண்டே போனேன். அவன் எழுந்து, "சார், இது வெறுந்தூள்தானுங்க? ஆட்டினாலும் உதிராம எப்படிங்க சார் நிக்குது? எதுல ஒட்டியிருக்காங்க?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் பணி செய்தேன். நேர்முனை, எதிர்முனை, மின்பகுளி என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பசையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. என் மருமகள் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். கடையிலிருந்து வந்த அன்று இரவு அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "மாமா, இதுக்குப் பெரிய கதையே இருக்கு" என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதையும் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. நான் நெசவாளி மகன். சென்னிமலைப் பக்கம். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அப்பாவும் சித்தப்பாவும் கஞ்சி தடவுவார்கள். பஞ்சு நூல் வெறுமனே போனால் தறியின் இழுப்பில் உரசி உரசிப் பிரிந்துவிடும். கஞ்சிதான் அதைக் கட்டி வைக்கும். ஆனால் கஞ்சி அதிகமாகிவிட்டால் நூல் விறைத்துப் பட்டென்று முறியும். அதனால் அப்பா கஞ்சியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுவார். "பிடிக்கவும் வேணும், வளையவும் வேணும்" என்பார். இந்த வாக்கியத்தை மனதில் வையுங்கள். பேட்டரிப் பசையின் வரலாறு முழுக்க இதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் மின்கலத்தை 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே செய்தார். இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் வைத்தார். தகடு தகடாகவே இருந்ததால் உதிரும் பிரச்சினை பெரிதாக இல்லை. ஆனால் மின்சாரம் தேங்குவது தகட்டின் மேற்பரப்பில் மட்டும். அதிலும் பலமுறை ஏற்றி இறக்கினால்தான் அந்த மேற்பரப்பே பக்குவமாகும்.

1881-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், கமீல் ஃபோர், ஈய ஆக்சைடுத் தூளை அமிலத்தோடு குழைத்துப் பசைபோலத் தகட்டில் பூசினார். தூள் என்றால் மேற்பரப்பு மிக அதிகம். கொள்ளளவு எகிறியது. பேட்டரி ஒரு தொழிலாக மாறியது இதற்குப் பிறகுதான். கூடவே புதிய நோய் ஒன்றும் வந்தது. பூசிய பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிர ஆரம்பித்தது. சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் ஈயம் ஒரு சேர்மத்திலிருந்து இன்னொன்றாக மாறுகிறது, அதன் பருமனும் மாறுகிறது. விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கிப் பூச்சு விட்டுப்போகிறது. அந்தக் காலத்தில் கம்பளித் துணி சுற்றிப் பார்த்தார்கள். பிறகு சல்லடை போன்ற ஈயச் சட்டத்தின் கண்களுக்குள் பசையை அப்பினார்கள். இன்றைய கார் பேட்டரியில் அந்தப் பசையோடு பொடிப்பொடியாக வெட்டிய செயற்கை இழையையும் கலக்கிறார்கள். மண்சுவருக்குச் சேற்றில் வைக்கோல் மிதிப்போமே, அதே வேலைதான்.

1900-களின் தொடக்கத்தில் தாமஸ் ஆல்வா எடிசன் நிக்கல்–இரும்பு பேட்டரி செய்தபோது வேறு வழிக்குப் போனார். துளையிட்ட எஃகு உறைகளுக்குள் தூளை அடைத்துவிட்டார். பசையை நம்பாமல் தூளைச் சிறையில் போட்ட மாதிரி. பேட்டரி பல்லாண்டு உழைத்தது. ஆனால் கனமும் விலையும் அதிகம்.

அடுத்த திருப்பம் தற்செயலாக வந்தது. 1938 ஏப்ரல் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூஜெர்சியில், டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் குளிர்சாதன வாயு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை மட்டும் குறையாமல் இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள். வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாலிமராகிவிட்டன. அதுதான் டெஃப்லான். நம் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருப்பது.

எதுவும் ஒட்டாத பொருள் எப்படிப் பசையாகும்? நானும் இதையேதான் கேட்டேன். டெஃப்லான் தூளை அழுத்தித் தேய்த்தால் மெல்லிய நார் நாராக இழுபடும். அந்த நார்கள் சிலந்தி வலை மாதிரி மற்றத் தூளைப் பின்னிப் பிடிக்கும். ஒட்டாமலேயே கட்டிவைக்கும். அமிலம், காரம் எதுவும் அதை அரிக்காது. அதனால் மின்கல ஆய்வுக்கூடங்களில் டெஃப்லான் பசை புழக்கத்துக்கு வந்தது.

இனி லித்தியம். 1970-களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடெனஃப், 1985-இல் ஜப்பானின் அசாஹி காசெய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ. இந்த மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடெனஃபுக்கு 97 வயது. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான். இவர்கள் பெயரெல்லாம் போட்டித் தேர்வுக் கையேடுகளில் இருக்கிறது. நான் சொல்ல வருவது கையேட்டில் இல்லாத பகுதி.

1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் வேதியியலைக் கோடிக்கணக்கில் எப்படித் தயாரிப்பது? தூளைப் பசையோடு குழைத்து, மெல்லிய உலோகத் தாளின் மேல் தலைமுடிப் பருமனுக்குச் சீராகப் பூச வேண்டும். மைல் கணக்கில் பூச வேண்டும். அந்தக் கலை சோனியிடம் ஏற்கெனவே இருந்தது. எங்கே தெரியுமா? டேப் கேசட்டில்!

நம் தலைமுறைக்குக் கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழுப்பு நாடா என்பது பிளாஸ்டிக் தாளின் மேல் பாலிமர் பசையில் குழைத்துப் பூசிய இரும்பு ஆக்சைடுத் தூள்தான். பூச்சு உதிர்ந்தால் பாட்டு கரகரக்கும், பஞ்சால் ஹெட்டைத் துடைப்போம். சி.டி. வந்து கேசட்டுக்கு இறங்குமுகம் தொடங்கிய காலத்தில், நாடாவுக்குப் பூசிய அந்தக் கைப்பழக்கமும் எந்திர நுட்பமும் பேட்டரிக்குப் போயின. எதிர்முனைக்குச் செம்புத்தாள், நேர்முனைக்கு அலுமினியத்தாள். தோசைக்கல்லில் மாவைத் தேய்க்கிற மாதிரி தேய்த்து, காயவைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்துவார்கள்.

சரி, பசை எது? அதன் பெயர் பாலிவினைலிடின் ஃபுளோரைடு, சுருக்கமாக பி.வி.டி.எஃப். டெஃப்லானுக்குப் பங்காளி. ஆனால் கரையக்கூடியது, அதனால் பூச முடியும். லித்தியம் பேட்டரியின் நேர்முனை நான்கு வோல்ட் வரை போகும். அந்த அழுத்தத்தில் பல பசைகள் சிதைந்துபோகும். ஃபுளோரின் கலந்த இது தாங்கும். இதைத் தயாரித்தவர்களில் முக்கியமான ஒரு நிறுவனம் ஜப்பானின் குரேஹா. 1971-இல் அதே பி.வி.டி.எஃப்.-ஐக் கொண்டு அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்தது என்ன தெரியுமா? மீன்பிடித் தூண்டில் நரம்பு. தண்ணீருக்குள் மீன் கண்ணுக்குத் தெரியாத நரம்பு. தூண்டில் நரம்பின் பாலிமர் பேட்டரிக்குள் போய்த் தூளைப் பிடித்தது!

இங்கே ஒரு கணக்கு. உலோகத் தாளின் மேல் இருக்கும் நூறு கிராம் பூச்சில் பசை இரண்டிலிருந்து ஐந்து கிராம்தான் இருக்கும். பசை தானாக மின்சாரத்தைச் சேமிக்காது. அதனால் கூட்டவும் முடியாது. குறைத்தாலோ பூச்சு உரியும். அப்பாவின் கஞ்சிக் கணக்கு அப்படியே இங்கே வருகிறது.

பி.வி.டி.எஃப்.-இல் இரண்டு குறைகள். ஒன்று, அதைக் கரைக்க என்.எம்.பி. என்ற கரைப்பான் வேண்டும். 200 பாகை செல்சியசுக்கு மேல்தான் அது கொதிக்கும். காயவைக்க நிறைய வெப்பம் வேண்டும். கருவில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதால் அதன் ஆவியை வெளியே விடாமல் பிடித்து மீட்க வேண்டும். பேட்டரித் தொழிற்சாலையில் பெரிய செலவுகளில் ஒன்று இது. இரண்டு, இந்தப் பசை தூளை உறவு வைத்துப் பிடிப்பதில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய இழுப்பு வந்தால் விட்டுவிடும்.

அதனால் எதிர்முனைக்குத் தண்ணீரில் கலக்கும் பசையைத் தேடினார்கள். கிடைத்தது ஒரு ஜோடி. முதலாவது சி.எம்.சி., அதாவது கார்பாக்சிமெதில் செல்லுலோஸ். மரக்கூழிலும் பஞ்சிலும் இருக்கும் செல்லுலோசைக் கொஞ்சம் மாற்றித் தண்ணீரில் கரையும்படி செய்தது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்ப்பார்கள். இரண்டாவது எஸ்.பி.ஆர். என்னும் செயற்கை ரப்பர். 1929-இல் ஜெர்மனியில் வால்டர் பாக் முதலியோர் உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல் மலேயா உள்ளிட்ட ரப்பர் தோட்ட நாடுகள் ஜப்பான் கைக்குப் போனபோது, அமெரிக்கா இந்த வகை ரப்பரை வைத்துத்தான் டயர் பஞ்சத்தைச் சமாளித்தது.

சி.எம்.சி. விறைப்பாகப் பிடிக்கும், தனியாகக் காய்ந்தால் வெடிக்கும். எஸ்.பி.ஆர். நெகிழ்வு கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால் பூச்சு நிற்கும். மருமகள் இதைச் சொன்னபோது நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். கஞ்சியும் தேங்காய் எண்ணெயும்! இதில் இன்னொரு விஷயம், சி.எம்.சி. உண்மையிலேயே நெசவாலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சியாகப் பயன்படும் பொருள். இன்று நம் செல்போன், மின்வண்டி பேட்டரிகளில் பெரும்பாலானவற்றின் கிராஃபைட் எதிர்முனையைப் பிடித்திருப்பது இந்த ஜோடிதான்.

கிராஃபைட்டுக்குள் லித்தியம் புகும்போது அது பத்து சதவீத அளவுக்கு உப்பும், வெளியேறும்போது சுருங்கும். சார்ஜ் போடும் ஒவ்வொரு முறையும் பேட்டரி மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் முறை மூச்சு விட்டும் பூச்சு உதிராமல் இருக்க வேண்டும். பேட்டரி முதுமையடைய வேறு காரணங்களும் உண்டு. மின்பகுளி சிதைவது, லித்தியம் பயனற்ற படலமாகப் படிந்துவிடுவது என்று பட்டியல் நீளும். ஆனால் தூளுக்கும் உலோகத் தாளுக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போவது அவற்றில் முக்கியமான ஒன்று. கடைத் தம்பி சொன்ன "தளர்ச்சி" முழுத் தவறில்லை.

பத்து சதவீதத்துக்கே இந்தப் பாடு. அடுத்து வந்தது சிலிக்கான். ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டத்தைத் தாங்கும். ஒரு கிராம் சிலிக்கான் ஏறக்குறைய 3,600. பத்து மடங்கு! ஆனால் லித்தியம் புகுந்தால் சிலிக்கான் தன் பருமனைப்போல் நான்கு மடங்கை நெருங்கிவிடும். இட்லி மாவு ராத்திரி பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிகிற மாதிரி. இறங்கும்போது சுருங்கி, பூச்சில் வயல் வெடிப்பு மாதிரி வெடிக்கும்.

இவ்வளவு உப்பினால் ரப்பர் மாதிரி நன்றாக இழுபடும் பசைதானே வேண்டும்? ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2007-இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு ஓர் ஆச்சரியமான முடிவை வெளியிட்டது. இழுபடாத, மொறுமொறுவென்று முறியக்கூடிய சி.எம்.சி. தனியாகவே சிலிக்கானை நன்றாகத் தாங்கியது! காரணம் பிறகு தெளிந்தது. சிலிக்கான் துகளின் மேல்தோலோடு சி.எம்.சி. வேதிப் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. வளைவது மட்டும் போதாது, உறவும் வேண்டும். எவ்வளவு நெகிழ்வாக இருந்தாலும் கையை விட்டுவிட்டால் என்ன பயன்?

2011-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் கிளெப் யூஷின் குழு, கிளெம்சன் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைச் சிலிக்கானுக்குப் பசையாக்கி 'சயின்ஸ்' இதழில் எழுதியது. பிணைப்புப் போடும் கைகள் அதன் சங்கிலி முழுக்கச் சீராக இருக்கின்றன. ஆல்ஜினேட்டும் துணித்தொழிலுக்குப் பழையது. சாயம் அச்சிடும்போது சாயத்தைக் கெட்டியாக்கச் சேர்ப்பார்கள். நம் மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள் மூச்சைப் பிடித்து மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளில் ஆல்ஜினேட் எடுக்கும் பழுப்புப் பாசிகளும் உண்டு.

அதற்குப் பிறகு பசையையே புதிதாக வடிவமைக்க ஆரம்பித்தார்கள். இரண்டை மட்டும் சொல்கிறேன். 2013-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவ், யீ சுய் ஆகியோர் குழு, விரிசல் விட்டால் தானே மறுபடி ஒட்டிக்கொள்ளும் பாலிமரைச் சிலிக்கானின் மேல் பூசியது. வலுவான பிணைப்புகளுக்கு நடுவே எளிதில் விட்டு எளிதில் சேரும் ஹைட்ரஜன் பிணைப்புகள். நம் தோல் கீறல் ஆறுவதைப்போல.

2017-இல் தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் ஜாங் ஊக் சோய், அலி கோஸ்குன் குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பாலிமர் நூலில் வளையம் வளையமான மூலக்கூறுகளைக் கோத்து, அந்த வளையங்களைப் பாலிஅக்ரிலிக் அமிலம் என்ற விறைப்பான பசையோடு பிணைத்தார்கள். சிலிக்கான் உப்பி இழுக்கும்போது வளையங்கள் நூலின் மேல் வழுக்கி நகரும். இழுவிசை ஒரே இடத்தில் விழாமல் பரவிவிடும். நம் கிணற்றுக் கப்பியின் தத்துவம்தான். பசையில் நூற்றுக்கு ஐந்து பங்கு இதைச் சேர்த்தாலே போதுமாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஜெயித்ததெல்லாம் தொழிற்சாலைக்கு வந்துவிடுவதில்லை. விலை, அளவு என்று நிறைய வாசல் தாண்ட வேண்டும். ஆனால் கதை போகும் திசை தெரிகிறது அல்லவா?

இதற்கிடையே பழைய டெஃப்லானும் திரும்பி வந்திருக்கிறது. கரைப்பானே இல்லாமல் உலர்ந்த தூளை டெஃப்லான் நார்களால் பின்னித் தாளாக்கும் முறையைக் கையில் வைத்திருந்த மேக்ஸ்வெல் நிறுவனத்தை 2019-இல் டெஸ்லா வாங்கியது. இன்னொரு பக்கம், மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாமல் தங்கும் ஃபுளோரின் சேர்மங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2023-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்மொழிந்தன. டெஃப்லானும் பி.வி.டி.எஃப்.-உம் அந்த வரம்புக்குள் வருகின்றன. ஆகவே தண்ணீர்ப் பசை, பாசிப் பசை ஆராய்ச்சிகளுக்கு இப்போது கூடுதல் அவசரம்.

நண்பர்களே, இந்த வரலாற்றில் நான் கவனித்தது ஒன்று. துணிக் கஞ்சி, தூண்டில் நரம்பு, பாட்டு கேசட், டயர் ரப்பர், கடற்பாசி என்று ஒவ்வொன்றும் வேறு ஏதோ ஒரு தொழிலிலிருந்து வந்து சேர்ந்தது. அந்தந்தத் தொழிலில் யாரோ ஒருவர், "இது உதிராமல் எப்படி நிற்கிறது?" என்று கேட்டிருக்கிறார். கேட்கவிட்டவர்களும் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பெயரை எழுதவில்லை, அவனுக்குப் பிடிக்குமோ என்னவோ. படித்தால் அவனுக்கே தெரியும்.

தம்பி, உன் கேள்விக்கு விடை இது. அந்த டார்ச் செல்லில் கருப்புத்தூளை ஈரத்தோடு அழுத்தித் திணித்திருப்பார்கள். அதற்கும் துத்தநாகக் குவளைக்கும் நடுவே பழைய செல்களில் ஒரு பசை இருக்கும். கோதுமை மாவும் சோளமாவும் போட்டுக் காய்ச்சிய பசை. கஞ்சிதான், தம்பி. எங்கள் வீட்டு வாசலில் தினமும் காய்ச்சியதை உன் கையில் இருந்த செல்லுக்குள் அடையாளம் காண எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் அன்றைக்கு மனசு வரவில்லை. நல்ல கேள்வி கேட்டாய். உட்காரச் சொன்னது என் தப்பு.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பாடத்தில் இல்லாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியல, நாளைக்குத் தேடிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிப் பழகுங்கள். நான் சொல்ல இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பாவுக்குக் கஞ்சி போட்ட நினைவுகள் இருந்தால் கீழே எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் எண்ணெய் எவ்வளவு விடுவார்கள் என்பதில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை!